"எல்லாம் வந்துடுச்சா?"

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி விமானம் செய்வது ஆண் பிள்ளைகள் சமாசாரம் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்தால், விலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த அலமாரிக்கு நகர்ந்து விடுவோம். ஆனால் ரவிக்கைக்குக் கை வெட்டி இணைக்கத் தெரிந்தவளுக்கும், புள்ளி பிசகாமல் சிக்குக்கோலம் போடத் தெரிந்தவளுக்கும் அது ஒன்றும் ஆகாத காரியம் இல்லை சகோதரிகளே. பிளஸ் டூவோடு படிப்பை மூட்டை கட்டி வைத்தவள் நான். போன கோடையில் ஒரு யுத்தகால விமானத்தை ஒட்டி, தேய்த்து, வர்ணம் அடித்து முடித்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்காகத்தான் அதைச் செய்தேன்.

என் மாமியாருக்கு எண்பத்தெட்டு வயது. நான் அத்தை என்றுதான் கூப்பிடுவது. 1937ல் செங்குன்றம் ஏரிக்கரை ஓரத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். மூன்று வருஷமாக மறதி நோய். காலையில் சாப்பிட்ட இட்லி பத்து மணிக்கு ஞாபகம் இருக்காது. சின்ன மகன், அதாவது என் வீட்டுக்காரர், சில நாள் மகன், சில நாள் "யாரோ தம்பி". இதெல்லாம் இந்த நோயோடு வருவதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குக் கவலையாக இருந்தது வேறு. அத்தை வரவரப் பேச்சையே குறைத்துக் கொண்டார். ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் யாராவது திருத்துவார்கள். "அது அப்படி இல்லம்மா, உனக்கு மறந்து போச்சு." நாலு தடவை இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் வாய் திறக்கத் தோன்றும்?

அவர் விடாமல் சொல்லி வந்த விஷயங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, "எங்க ஏரியில ஏரோப்ளேன் எறங்கும்." மூத்தார் சிரிப்பார். நாத்தனார் "மீனம்பாக்கத்தைச் சொல்றாங்க" என்பாள். மற்றொன்று, பொழுது சாய்ந்ததும் வாசல் பக்கம் பார்த்துக் கேட்கும் கேள்வி. "எல்லாம் வந்துடுச்சா?" மேய்ச்சலுக்குப் போன மாட்டைக் கேட்கிறார் என்பது மூத்தாரின் தீர்மானம். "வந்துடுச்சும்மா, கட்டியாச்சு" என்பார். அத்தை ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் படுத்து விடுவார்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, பையன் பத்தாவது பாஸ் செய்ததற்கு ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தான். கேட்டலினா என்ற விமானத்தின் மாடல், நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. பெட்டியின் மேல் படம். நீலக் கடலுக்கு மேலே, படகு மாதிரி வயிறும் தலைக்கு மேலே நீண்ட இறக்கையுமாக ஒரு விமானம். பையன் அதைக் கூடத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். ஊஞ்சலில் இருந்த அத்தை எழுந்து வந்து படத்தைத் தடவினார்.

"இது நம்ம ஏரி ப்ளேன்."

யாரும் வாய் திறப்பதற்குள் நான் கேட்டேன். "ஏரியில எப்படி அத்தை எறங்கும்?"

அத்தை வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெதுவாகக் கீழே கொண்டு வந்தார். தண்ணீரைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் விரல் நுனியை மட்டும் கீழே மடக்கினார். "றெக்கை நுனி மடங்கும். அப்புறம் சர்ர்ருனு தண்ணி."

பையன் பெட்டிக்குள் இருந்த செய்முறைத் தாளை எடுத்துப் பிரித்தான். அதில் போட்டிருந்தது. இந்த விமானத்தின் இறக்கை நுனிகள் இரண்டும் மிதவைகள். பறக்கும்போது மேலே மடங்கி இறக்கையோடு சேர்ந்து கொள்ளும். இறங்கும்போது கீழே வந்து, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து விடாமல் தாங்கும். நம் விருப்பப்படி மடக்கியோ இறக்கியோ ஒட்டிக் கொள்ளலாம் என்று இரண்டு படங்கள் இருந்தன. பையன் தாளையும் பார்க்கிறான், ஆயாவின் கையையும் பார்க்கிறான். எனக்கு உடம்பு சிலிர்த்து விட்டது.

அன்று ராத்திரி அவன் செல்போனில் தேடித் தேடிப் படித்துச் சொன்னான். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படை செங்குன்றம் ஏரியை நீர்விமானத் தளமாக வைத்திருந்தது. 1942லிருந்து அந்தப் படையின் 240ஆம் ஸ்க்வாட்ரன் அங்கேதான் இருந்தது. அவர்கள் வைத்திருந்தது கேட்டலினா விமானங்கள். இன்றைக்கு நாம் குழாயில் பிடிக்கிற குடிதண்ணீருக்கு ஆதாரமான அதே ஏரிதான்! நாற்பது வருஷத்துக்கு மேல் சென்னையிலேயே வாழ்கிற எனக்கு இது புதுச் செய்தி. என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து கேட்டுவிட்டு, எழுந்து போய் அத்தையின் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தார். ஒன்றும் பேசவில்லை.

பையனுக்குப் பொறுமை ஒரு நாள்தான் இருந்தது. பிளஸ் ஒன் வகுப்பு, டியூஷன் என்று ஓட ஆரம்பித்து விட்டான். பெட்டி பரணுக்குப் போக இருந்ததை நான் கையில் எடுத்தேன். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்து, இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை நானும் அத்தையும். அந்த நேரத்தில்தான் அவர் தூங்காமலும் இல்லாமல், விழித்தும் இல்லாமல் சுவரைப் பார்த்துக் கொண்டிருப்பார்.

பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறச் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் முருங்கைக் கொத்து மாதிரி பாகங்கள் தொங்கும். நூற்றுச் சொச்சம் இருக்கும். முதலில் அவற்றைப் பாத்திரம் தேய்க்கிற சோப்பு நீரில் அலசிக் காய வைக்க வேண்டும். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிக் கொண்ட எண்ணெய்ப் பசை போனால்தான் பசையும் வர்ணமும் பிடிக்கும். அலசிய சட்டங்களை அத்தைதான் முறத்தில் பரப்பி, வடகம் காய வைப்பது போல நிழலில் வைத்தார். பாகத்தை ஒருபோதும் முறுக்கிப் பிய்க்கக் கூடாது. நகம் வெட்டியால் கொஞ்சம் தள்ளியே நறுக்கி, மிச்சத்தை நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்து எடுத்தேன். ஒட்டுவதற்கு முன் இரண்டு பாதியையும் சும்மா சேர்த்துப் பார்ப்பது முக்கியம். தைப்பதற்கு முன் ஓட்டுத் தையல் போட்டுப் பார்க்கிறோமே, அதே புத்திதான். உடம்பின் இரண்டு பாதியை ஒட்டியபின் ரப்பர் பேண்டும் துணி கிளிப்பும் மாட்டி ஒரு ராத்திரி விட்டேன்.

கண்ணாடிப் பாகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவசரத்துக்கு எல்லோரும் எடுக்கிற சூப்பர் பசையை அதன் பக்கமே கொண்டு போகாதீர்கள். அதன் ஆவி பட்டால் கண்ணாடி பூத்துப் போய்விடும், பிறகு தெளியாது. நான் ஃபெவிகால் வைத்துத்தான் ஒட்டினேன். வெள்ளையாக இருந்தாலும் காய்ந்தால் தெளிந்து விடும். இந்த விமானத்துக்கு இடுப்பின் இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடிக் குமிழ்கள் உண்டு. அதற்குள் உட்கார்ந்துதான் ஆட்கள் கடலைப் பார்த்துக் கொண்டே போவார்களாம்.

பார்ப்பதுதான் இதற்கு வேலையே. அமெரிக்காவில் இதற்கு வைத்த பெயர் பி.பி.ஒய். முதல் எழுத்து ரோந்துக்கு, இரண்டாவது குண்டு போடுவதற்கு, மூன்றாவது செய்த கம்பெனிக்கான அடையாளம். முதலில் பறந்தது 1935ல். கேட்டலினா என்பது கலிபோர்னியா கரைக்கு அருகே இருக்கும் ஒரு தீவின் பெயர். இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 104 அடி, என்னுடைய மாடலில் அது ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு இன்ஜின், ஒவ்வொன்றும் 1,200 குதிரை சக்தி. ஆனாலும் மெதுவாகத்தான் போகும், மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். வேகம் இல்லாவிட்டால் என்ன, பதினைந்து இருபது மணி நேரம் இறங்காமல் பறக்கும். உள்ளே படுக்கையும், சூடு பண்ணிக் கொள்ள ஒரு சின்ன அடுப்பும் உண்டு என்று படித்ததும் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம் வந்து விட்டது. கடலில் விழுந்தவர்களைத் தேடித் தூக்கி வந்ததும் இதே விமானம்தான். 1943லிருந்து 1945 வரை ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கலைக்கு இதில் தபாலும் ஒரு சில பயணிகளும் போயிருக்கிறார்கள். இருபத்தேழு மணிக்கு மேல் ஒரே பறப்பு, ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம்!

அந்தக் கொக்கலையிலிருந்து 1942 ஏப்ரல் 4ஆம் தேதி கிளம்பிய ஒரு கேட்டலினாவின் கதையைப் பையன் சாப்பிடும்போது சொன்னான். ஓட்டியவர் லெனார்ட் பிர்ச்சால் என்ற கனடாக்காரர். இலங்கைக்குத் தெற்கே ஜப்பானின் பெரிய கப்பல் படை வருவதைப் பார்த்து விட்டார். தப்பித்து ஓடாமல் நெருங்கிப் போய் எண்ணி, ரேடியோவில் செய்தி அனுப்பிக் கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தினார்கள். விமானத்தில் இருந்த ஒன்பது பேரில் மூவர் செத்துப் போனார்கள். அவரும் மற்ற ஐந்து பேரும் யுத்தம் முடியும் வரை ஜப்பானில் கைதிகள். அந்தச் செய்தியால்தான் மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் வந்தபோது கொழும்பு தயாராக இருந்தது. அதற்கு மறுநாள், 6ஆம் தேதி, விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அந்த மாதம் மதராஸ் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியூர்களுக்குக் கிளம்பியது நம் பாட்டிமார் பலரும் சொல்லிக் கேட்டதுதான். அத்தைக்கு அப்போது ஐந்து வயது.

இனி சக்கரத்தின் கதை. எங்கள் பெட்டியில் இருந்தது தரையிலும் இறங்கக் கூடிய ரகம். அதற்குச் சக்கரங்களும், அவை மடங்கிப் போய் உட்கார வயிற்றின் இரண்டு பக்கமும் குழிகளும் உண்டு. நான் சக்கரத்தை ஒட்ட எடுத்ததும் அத்தை கையைப் பிடித்து விட்டார்.

"இதுக்குச் சக்கரம் கெடையாதும்மா."

"படத்துல இருக்கே அத்தை?"

"படத்துல இருக்கட்டும். எங்க ஏரியில இருந்ததுக்குக் கெடையாது. எருமை மாதிரி தண்ணியிலயே கெடக்கும். கரைக்கு ஏத்தணும்னா ஆளுங்க தண்ணியில எறங்கி வெளியிலேர்ந்து சக்கரத்தக் கட்டுவாங்க."

சாயந்திரம் பையன் சரிபார்த்தான். பிரிட்டிஷார் அந்த ஸ்க்வாட்ரனில் வைத்திருந்தவை பெரும்பாலும் தண்ணீரில் மட்டும் இறங்கும் ரகம்தான். கரையேற்றத் தனிச் சக்கரத்தைத் தண்ணீரிலேயே மாட்டி இழுப்பார்கள் என்பதும் நிஜம். எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பெட்டிக்காரனை விடச் சரியாக இருந்தது அத்தையின் ஞாபகம். காலையில் சாப்பிட்டது இட்லியா தோசையா என்று தெரியாத அதே அத்தை!

குழிகளை எம்-சீல் பிசைந்து அடைத்தேன். பிசையும்போது கையில் பிளாஸ்டிக் பை சுற்றிக் கொள்ளுங்கள், அது தோலுக்கு ஆகாது. காய்ந்ததும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கத் தேய்க்க வழவழவென்று ஆகும். இந்த வேலையைப் பாதிக்கு மேல் செய்தவர் அத்தைதான். அவர் விரல்கள் ஒரு மணி நேரம் ஒரே சீராகத் தேய்த்துக் கொண்டிருந்தன, வாய் பேசிக் கொண்டிருந்தது. அவர் அப்பா யுத்த நாளில் அந்த முகாமில் எடுபிடி வேலைக்குப் போனாராம். ஒரு சோல்ஜர் பையன் தகர டப்பாவில் பிஸ்கட் கொடுப்பானாம். அவன் பேர் தெரியாது, மூக்கு மட்டும் சிவப்பாக இருக்குமாம். அவன் விடியற்காலையில் ப்ளேனில் ஏறிப் போனால் மறுநாள்தான் வருவானாம்.

"மூணு கட்டிப் போட்டிருக்கும். காலையில போனது பொழுதோட வந்துடுச்சான்னு நான்தான் எண்ணி அப்பாகிட்டச் சொல்லணும். ஒருநாள் ரெண்டுதான் இருந்துச்சு. அடுத்த நாளும் ரெண்டுதான். அப்பா கஞ்சி குடிக்கல."

அத்தை தேய்ப்பதை நிறுத்தவில்லை. எனக்குத்தான் கை ஓடவில்லை. எல்லாம் வந்துடுச்சா என்றுதானே தினமும் கேட்கிறார்? எல்லாரும் வந்தாச்சா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மாட்டுக்கும் பொருந்துகிற பேச்சு, விமானத்துக்கும் பொருந்துகிற பேச்சு. எண்ணிக்கை சொல்ல வேண்டிய ஆறேழு வயசுப் பெண், இன்னமும் பொழுது சாயும்போது ஏரிக்கரைக்குப் போய்க் கொண்டிருக்கிறாள்.

வர்ணம் பற்றிச் சொல்லி விடுகிறேன். தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் வர்ணம்தான் வீட்டுக்கு நல்லது. தின்னர் கலக்கும் வர்ணமும் மாடல் பசையும் நெடி அதிகம். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும், கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் அந்தப் பக்கம் வராமல் இருப்பதே உத்தமம். சின்னத் துண்டுகளை ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். தவழுகிற பிள்ளைக்கு எதுவும் வாய்க்குத்தான் போகும்.

"வயிறு கொக்கு மாதிரி வெள்ளை" என்றார் அத்தை. கீழே வெள்ளையும் மேலே சாம்பலும் அடித்தேன். கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு வானத்தோடு வானமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கடற்காவல் விமானங்களுக்கு வயிற்றில் வெள்ளை அடிப்பார்களாம். பெட்டியில் இருந்த ஒட்டுப்படம் அமெரிக்க நட்சத்திரம். நமக்கு வேண்டியது பிரிட்டிஷ் வட்டம். அதிலும் இந்தப் பக்கத்தில் பறந்த விமானங்களுக்கு, வழக்கமாக நடுவில் இருக்கும் சிவப்பை எடுத்து விட்டார்கள். ஜப்பான் விமானத்தின் சிவப்பு வட்டம் என்று நினைத்துத் தங்கள் ஆட்களே சுட்டு விடக் கூடாதே! அடர்நீலத்துக்கு நடுவே வெளிர்நீலம் மட்டும். கடையில் அது கிடைக்கவில்லை. வெளிர்நீலத்தை அடித்துக் காய விட்டு, அதன் மேல் என் ஸ்டிக்கர் பொட்டில் மிகச் சின்னதை ஒட்டி, சுற்றிலும் அடர்நீலத்தை வட்டமாகத் தடவினேன். காய்ந்ததும் பொட்டை உரித்தால், கச்சிதமாக வட்டத்துக்குள் வட்டம். தம்பிக்குப் போட்டோ அனுப்பினேன், எங்கே வாங்கினாய் என்று கேட்டான்.

முதுகின் மேல் ஒரே தூணில் நிற்கும் இறக்கையை நேராக ஒட்டுவதுதான் கடைசிக் கஷ்டம். அரிசி நிரப்பிய அகலக் கிண்ணத்தில் விமானத்தைப் புதைத்து நிறுத்தி, இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, மட்டம் பார்த்து ஒட்டினேன். இறக்கை நுனி மிதவைகளைக் கீழே இறக்கித்தான் ஒட்டினேன். அது இறங்குகிற விமானம்.

முடிந்த அன்று சாயங்காலம் அதை வாசல் திண்ணை ஓரம் ஒரு மணைப்பலகையில் வைத்தேன். விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு அத்தை வந்து உட்கார்ந்தார். வழக்கம்போலக் கேட்டார்.

"எல்லாம் வந்துடுச்சா?"

"அந்த ஒண்ணு வந்துடுச்சு அத்தை. இதோ இருக்கு."

அத்தை குனிந்து பார்த்தார். ஒரு விரலால் இறக்கை நுனியைத் தொட்டார். "நனஞ்சிருக்கும், தொடைச்சு வையி" என்றார். முந்தானையால் நான் துடைத்தேன்.

நோய் குணமாகி விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இப்போதும் சில நாள் அந்த விமானத்தைப் பார்த்து, "இது என்னம்மா, கப்பலா?" என்று கேட்கிறார். சில நாள் சாயந்திரக் கேள்வியும் வருகிறது. ஆனால் மூத்தார் மாட்டுக் கதையை விட்டு விட்டார். போன மாதம் வந்தவர், அவராகவே பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மூணும் எந்தப் பக்கம்மா கட்டியிருக்கும்?" என்று கேட்டார். அத்தை தரையில் விரலால் ஏரியைப் போட்டுக் காட்டினார். முக்கால் மணி நேரம் பேசினார்கள். நாத்தனார் இதைத் தன் செல்போனில் பதிவு செய்து வைத்திருக்கிறாள்.

ஆயுத பூஜையன்று தையல் மெஷின், அரிவாள்மணை, பையனின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக் கொண்டு வந்தேன். விமானத்தை மட்டும் விட்டிருந்தேன், வர்ணம் கெட்டுப் போகுமே என்று. திரும்பிப் பார்ப்பதற்குள் அத்தை குங்குமச் சிமிழை எடுத்து, நான் அவ்வளவு பாடுபட்டுப் போட்ட நீல வட்டத்தின் நட்டநடுவில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்து விட்டார்.

"ஆயா! சிவப்பு வைக்கக் கூடாது! ஜப்பான் ப்ளேன்னு நெனச்சுச் சுட்டுடுவாங்க!" என்று பையன் அலறினான்.

அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சண்டை எப்பவோ முடிஞ்சு போச்சுடா" என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்து வட்டத்துக்கும் பொட்டு வைக்கப் போனார்.